முழங்கால் தேய்மானத்துக்கு டிசபிலிட்டி பென்ஷன் மறுத்துவிட்டார்கள், மேல்முறையீடு செய்து பயன் உண்டா?

'அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். முழங்கால் தேய்மானம் 30 சதவீதம் என்று எழுதிவிட்டு, பென்ஷன் கிடையாது என்கிறார்கள். அப்பா விட்டுவிடச் சொல்கிறார்' என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள் தம்பி. நானும் ராணுவத்தில் இருந்தவன்தான், எனக்கும் இதே மறுப்புக் கடிதம்தான் வந்தது. 2012-ல் வந்ததை ஆறு வருடம் பீரோவில் போட்டு வைத்திருந்தேன்.

கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். கால் கெட்டுப்போனதை யாரும் மறுக்கவில்லை. 20 சதவீதம் இருந்தாலே போதும், ராணுவ மருத்துவக் குழுவே (மெடிக்கல் போர்டு) 30 கொடுத்திருக்கிறது. அது பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்பதுதான் அவர்கள் வாதம். இது புரியாமல் நான் முதலில் பரங்கிமலைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் காசைக் கொட்டினேன். இன்றைக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது அங்கே கேள்வியே இல்லை.

அப்பாவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதி, பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் தாள்கள் முழுவதையும் வாங்குங்கள். சேர்ந்த அன்று முழங்காலில் குறை எதுவும் குறித்திருக்கிறார்களா, மறுத்ததற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு 'வயதால் வருவது' என்று ஒரே வரி. சேரும்போது குறை குறிக்கப்படவில்லை என்றால் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், நிரூபிக்கும் சுமை சிப்பாய் மேல் இல்லை என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2023 செப்டம்பர் 21 முதல் ஓய்வு பெற்றவர்களுக்குப் புது விதிகள். அப்பா அதற்குப் பிறகு வந்தவர் என்றால் முதலில் இந்த வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், காயம்பட்டபோது யூனிட்டில் எழுதிய அறிக்கை. எனக்கு 2003-ல் எங்கள் ராணுவக் கம்பெனி (யூனிட்டின் ஒரு பிரிவு) வாலிபால் மேட்சில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. யூனிட் நடத்தும் விளையாட்டும் பழைய விதிகளில் பணிதான். டிரங்குப் பெட்டியில், பழைய யூனிபார்முக்கு அடியில் பாலிதீன் கவருக்குள் அந்த அறிக்கையின் கார்பன் காப்பி இருந்தது. மடிப்பில் எழுத்தே இல்லை, ஆனால் 'பணியில் இருந்தாரா' என்ற இடத்தில் 'ஆம்' தெளிவாகத் தெரிந்தது. ஜெராக்ஸ் எடுக்கத் தோதாக என் மனைவி அதை அகராதிக்கு அடியில் இரண்டு நாள் வைத்து நிமிர்த்தினாள். அறிக்கை இல்லாவிட்டால், உடல்தகுதி குறைவு என்று பணியிலிருக்கும்போதே எழுதிய லோ மெடிக்கல் கேட்டகரி தாள்களும் வலி தொடங்கிய பிறகு போன மலைப் போஸ்டிங்குகளும் 'பணியால் கூடியது' என்று காட்ட உதவும்.

கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அங்கும் மறுத்தால் இரண்டாவது. ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால் ராணுவத் தீர்ப்பாயம் போகலாம், சென்னையிலேயே கிளை இருக்கிறது. காலம் கடந்திருந்தாலும் கதவு அடைபடாது. ஆனால் நிலுவைத் தொகையைப் பெரும்பாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். நான் 2018-ல் போட்டேன். பீரோவில் கிடந்த முதல் மூன்று வருடப் பணம் போனது போனதுதான். என் கால் பணியால் கூடியது என்று தீர்ப்பாயம் ஏற்றது. 50-க்குக் குறைந்த சதவீதத்தை 50 ஆகக் கணக்கிடலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்புப்படி என் 30 சதவீதத்தை 50 ஆக்கித் தந்தார்கள்.

இன்றைக்குச் சாயங்காலமே அப்பாவோடு உட்கார்ந்து, எந்த வருடம், எந்த ஊர், எப்போது முதலில் வலித்தது என்று எழுதுங்கள். எனக்குத் தேதி மறந்தே போயிருந்தது. பல்லாவரத்தில் இருக்கும் என் கம்பெனி நண்பருக்கு ஞாபகம் இருந்தது. எனக்குக் காயம்பட்டதற்கு மறுநாள்தான் அவர் லீவில் ஊருக்குக் கிளம்பினாராம், அதனால் மறக்கவில்லை. அவரே அபிடவிட்டும் (உறுதிமொழிப் பத்திரம்) போட்டுக் கொடுத்தார்.