பன்னிரண்டாவது சேலை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அம்மா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய பீரோவில் பதினோரு சுங்குடிச் சேலைகள் இருந்தன. வாரத்தில் மூன்று நாள் அவற்றைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன், மற்ற நாட்களில் சுடிதார். கூட வேலை பார்ப்பவர்கள் ‘பாட்டி சேலை’ என்கிறார்கள். போன மாதம் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. உடைதான் நம் ஆளுமையைக் காட்டும், ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு ஸ்டைலை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து மனதில் ஒரு குடைச்சல். நான் கட்டுவது அம்மாவின் ரசனை. அப்படியென்றால் என்னுடையது என்று ஒன்றுமே இல்லையா?

வாசகி, திண்டுக்கல்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு முறை படித்தேன் உங்கள் கடிதத்தை. வாரத்தில் மூன்று நாள் சுங்குடி, மற்ற நாள் சுடிதார் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் பீரோவைத் திறந்து, இன்றைக்கு இது என்று கை வைப்பது நீங்கள்தானே? அம்மா வைத்துவிட்டுப் போனது துணி. எடுப்பது நீங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மதுரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லண்டனில் சட்டம் படித்த நாட்களில் காந்தி பாண்ட் தெருவில் பத்து பவுண்டு கொடுத்து சூட் தைத்துக்கொண்டார். தினமும் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டவும் தலை வாரவும் பத்து நிமிடம் போனதாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1915-இல் இந்தியா திரும்பியபோது, சொந்த ஊர்ப் பக்கமான குஜராத்தின் கத்தியவாரி உடை, பெரிய தலைப்பாகை. 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது கூட வந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொல்கிறார். கதர் விலை அதிகம், நாங்கள் ஏழைகள், வாங்க முடியாது என்கிறார்கள். அப்போது அவர் உடம்பில் மேல்சட்டை, குல்லாய், முழு வேட்டி எல்லாம் இருந்தன. மதுரையில் மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் இரவு தங்கினார். மறுநாள், செப்டம்பர் 22 காலையில், முழங்கால் வரைக்குமான ஒற்றைத் துண்டோடு வெளியே வந்தார். பத்து வருடம் கழித்து பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே துண்டோடு, மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் போனார்.

அந்தத் துண்டு காந்தி கண்டுபிடித்ததா? வயலில் வேலை செய்பவர் ஒவ்வொருவரும் கட்டியிருந்ததுதான். இன்றைக்கு அதைப் பார்த்தால் நமக்கு யார் ஞாபகம் வருகிறார்? பாண்ட் தெரு சூட் அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது, ஆனால் அது அவருடையதாக ஆகவே இல்லை. அடுத்தவர் உடை அவருடையதாகிவிட்டது, ஏனென்றால் எதற்காக உடுத்துகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். வெளிர் நிறக் காட்டன் சேலை தவிர வேறு கட்டிப் பார்த்ததில்லை. இடது தோளில் மடிப்பை ஒரே ஊக்கில் குத்தி, அந்த ஊக்கிலேயே கைக்குட்டையையும் சேர்த்திருப்பார். கைக்கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும். ஏன் டீச்சர் எப்பவும் வெளிர் நிறம் என்று ஒருநாள் கேட்டேன். சாக்பீஸ் தூள் தெரியாது பார், தட்டிக்கொண்டே நின்றால் எப்படிப் பாடம் நடத்துவது என்றார். கடிகாரம் உள்பக்கம் இருந்தால் எழுதிக்கொண்டே நேரம் பார்க்கலாமாம். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்தச் சேலையும் ஊக்கும் கடிகாரமும் எங்களுக்குச் சொல்லிவிட்டன. யாருக்காவது எதையாவது காட்ட வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

அப்புறம் சுங்குடி. பாட்டி சேலை என்பவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் கையில் இருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரையில் சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் துணி அது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். சாயத்தில் முக்கி, காயவைத்துப் பிரித்தால், கட்டிய இடமெல்லாம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். இப்போது சுங்குடி என்று விற்பதில் நிறைய மெழுகு அச்சு, இல்லையென்றால் ஸ்கிரீன் பிரிண்ட். அம்மாவின் சேலைகளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். புள்ளி எல்லாம் ஒரே அளவாக, அச்சு மாதிரி இருந்தால் அது அச்சுதான். கையால் கட்டியது என்றால் ஒன்று வட்டமாக இருக்கும், பக்கத்தில் இருப்பது கொஞ்சம் கோணி சதுரமாகி இருக்கும், சிலவற்றின் நடுவில் ஒரு பொட்டுச் சாயம் நிற்கும். முடிச்சுப் போட்ட பெண்ணின் விரல் அது. ஒரே முறையில் கட்டும் இரண்டு பேரின் புள்ளிகூட ஒரே மாதிரி வருவதில்லை.

அம்மா வீட்டில் முந்தானையை இடுப்பில் செருகி வேலை பார்த்திருப்பார். நீங்கள் மடிப்பு வைத்து, ஊக்குக் குத்தி, பஸ் ஏறுகிறீர்கள். அவர் என்ன ரவிக்கை போட்டார், நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று எழுதவில்லை, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. எந்தச் சேலையை அடிக்கடி எடுக்கிறீர்கள், எதை இன்னும் தொடவே இல்லை என்றும் யோசித்துப் பாருங்கள். பதினொன்றும் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிடிக்காததைக் கட்டாமல் விட்டால் அம்மாவுக்குத் துரோகம் ஆகிவிடாது, வைத்திருந்தாலே போதும்.

ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே துணி நைந்துவிடும். மாதம் ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி வையுங்கள். ஏதாவது ஒன்று கிழிந்துபோனால், நல்ல பகுதியை எடுத்துச் சுடிதாருக்கு டாப்ஸ் தைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாவதாக ஒரு சுங்குடியை நீங்களே மதுரைக்குப் போய் வாங்கும் நாளும் வரும். என்ன நிறம் எடுத்தீர்கள் என்று அன்றைக்கு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா