வீட்டு ஹாலில் வீடியோ கேம் உடற்பயிற்சி: வாங்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. சர்க்கரை இருக்கிறது. தினமும் அரை மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் நாய்த் தொல்லை, மழைக்காலத்தில் இறங்கவே முடியாது. உடல் அசைவைப் பார்த்து ஓடும் எக்ஸ்பாக்ஸ் 360-யும் கினெக்ட் கேமராவும் செகண்ட் ஹேண்டில் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்கிறான் மகன். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. வாங்கலாமா?
- இல்லத்தரசி, மடிப்பாக்கம்

பதில்: வேண்டாம் அம்மா. முதல் காரணம் உங்கள் ஹால். 2010-ல் வந்த அந்தக் கினெக்டுக்கு முழு உடம்பும் தெரிய வேண்டும். ஒருவர் ஆட கேமராவிலிருந்து சுமார் ஆறு அடி, இருவர் ஆட எட்டு அடி தள்ளி நிற்க வேண்டும். டிவி ஸ்டாண்டுக்கு ஒன்றரை அடி, சோபாவுக்கு மூன்று அடி கழித்துப் பாருங்கள். பத்தடிப் பக்கம் என்றால் ஐந்தரை அடிதான் மிச்சம். தினமும் சோபாவை நகர்த்தித்தான் உடற்பயிற்சி என்றால், அது எத்தனை நாள் நடக்கும்? இன்னொன்றும் உண்டு: அந்தக் கேமரா அகச்சிவப்புக் கதிரால் பார்க்கிறது. மேற்கு ஜன்னல் வழியே சாயங்கால வெயில் நேராக உள்ளே விழுந்தால் தடுமாறும்.

இரண்டாவது, அது முடிந்துபோன பொருள். கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2017-லேயே நிறுத்திவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஆன்லைன் கடையும் 2024 ஜூலையில் மூடப்பட்டது. இனி பழைய டிஸ்க் கிடைத்தால்தான் புது விளையாட்டு. 360-இன் முதல் மாடலாக இருந்தால் கினெக்டுக்குத் தனி பவர் அடாப்டரும் வேண்டும், விற்பவர்கள் பலர் அதைத் தொலைத்திருப்பார்கள். பிறகு புது எக்ஸ்பாக்ஸ் வாங்கி இந்தக் கேமராவை அதில் மாட்டிக்கொள்ளலாம் என்று மகன் சொன்னால், அதுவும் முடியாது. இப்போதைய சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டுமே கினெக்டை ஏற்காது.

உங்கள் இடத்துக்குப் பொருந்துவது நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற கேம் பெட்டியும், அதில் ஓடும், 2019-ல் வந்த ரிங் ஃபிட் அட்வெஞ்சர் என்ற உடற்பயிற்சி விளையாட்டும். இதில் கேமராவுக்கு முன்னால் தள்ளி நிற்கும் வேலையே இல்லை. ஜாய்கான் என்ற இரண்டு கன்ட்ரோலர்களில் வலதை ஒரு வளையத்தில் மாட்டிக் கையில் பிடிக்க வேண்டும், இடதை இடது தொடையில் பட்டையோடு கட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே ஓட்டம், அமர்ந்து எழுவது, வளையத்தை அழுத்துவது, இழுப்பது. கைகளை இரண்டு பக்கமும் நீட்ட இடம், தரையில் ஒரு யோகா பாய் விரிக்க இடம், அவ்வளவு போதும். கீழ்வீட்டில் சத்தம் கேட்கும் என்ற கவலை வேண்டாம். ஓட்டத்துக்குப் பதில் முட்டியை மடக்கி எழும் அமைதி முறை அதிலேயே இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, உங்கள் வயதையும் எடையையும் கேட்டுக்கொண்டு கடினத்தை அதற்கேற்ப வைப்பதுதான். முதல் நாளே மூச்சு வாங்கிச் சோர்ந்து விட்டுவிடும் நிலை வராது.

ஆனால் வாங்குமிடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். இந்தியாவில் நிண்டெண்டோவின் நேரடி விற்பனை இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அட்டைப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் இல்லையென்றால், பழுதானால் அந்தக் கடைதான் உங்களுக்கு எல்லாம். ஆகவே பில்லில் சீரியல் நம்பரும், எத்தனை மாதம் கடை வாரண்டி என்பதும் எழுதி முத்திரை வாங்குங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

மலிவு என்று ஸ்விட்ச் லைட் என்ற மாடலை நீட்டினால் வாங்காதீர்கள். அதில் கன்ட்ரோலரைக் கழற்ற முடியாது, டிவியிலும் இணைக்க முடியாது. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2 வாங்கினாலும் அதன் கன்ட்ரோலர்கள் இந்த வளையத்துக்குப் பொருந்தாது. பழைய ஜாய்கான் தனியாக வாங்க வேண்டியிருக்கும். விளையாட்டை மட்டும் தனியே வாங்கி, வளையத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அது ஜார் இல்லாத மிக்சி. ஆன்லைனில் குறைந்த விலைக்கு வரும் வளையங்களில் பல வெறும் பிளாஸ்டிக். அசலுக்குள் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அளக்கும் சென்சார் இருக்கிறது, அது இல்லாமல் விளையாட்டு நகராது. காசு கொடுக்கும் முன் கடையிலேயே மாட்டி, வளையத்தை நாலு முறை அழுத்தி, திரையில் அசைவு வருகிறதா பாருங்கள். ஜாய்கானின் குச்சியைத் தொடாதபோது திரையில் உள்ள பொம்மை தானாக நகர்ந்தால் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள். அந்த ரகத்தில் பரவலாக வரும் கோளாறு அது.

இத்தனைக்கும் முன் ஒரு வேண்டுகோள். மூன்று வாரம், அதே நேரத்தில், அதே இடத்தில், டிவியில் யூடியூப் உடற்பயிற்சி வீடியோ போட்டுச் செய்து பாருங்கள். செலவில்லை. மூன்று வாரம் விடாமல் செய்தால் பெட்டி உங்களுக்கு உதவும். நடுவில் விட்டுவிட்டால் பெட்டி வாங்கினாலும் அதே கதிதான், வாங்காமல் விட்டால் இருபதாயிரம் முப்பதாயிரம் மிச்சம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், எந்த நேரத்தில் பயிற்சி என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் வெறுங்காலோடு வேண்டாம், ஷூ போடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் தன் பழைய நிண்டெண்டோ வீ (Wii) கேம் கன்சோலையும், ஏறி நிற்கும் பலகையையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அப்படியே மாட்டலாமா?
- வேளச்சேரி வாசகி

பதில்: மாட்டாதீர்கள்! அதன் அடாப்டர் அமெரிக்க 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனது. நம் 230 வோல்ட்டில் பின் மாற்றி செருகினால் அந்த நொடியே போய்விடும். வீ கன்சோலுக்கான 230 வோல்ட் அடாப்டர் தேடி வாங்குங்கள், அல்லது ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். டிவி பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வீயில் எச்.டி.எம்.ஐ. கிடையாது. டிஸ்க்கும் அமெரிக்க டிஸ்க்தான் ஓடும். பலகைக்கு நான்கு ஏ.ஏ. பேட்டரி போதும், 150 கிலோ வரை தாங்கும். மற்றபடி நல்ல பொருள், தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: “1000 விளையாட்டு, உடலை அசைத்து எடை குறையுங்கள்” என்று விளம்பரம் பார்த்து, டிவியில் செருகும் ஒரு மோஷன் கேம் பெட்டியை ஆன்லைனில் 2,499 ரூபாய்க்கு வாங்கினேன். கன்ட்ரோலரை ஆட்டினால் பட்டன் அழுத்தின மாதிரிதான் இருக்கிறது. திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
- ஆட்டோ ஓட்டுநர், பெரம்பூர்

பதில்: மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவர்கள் நாளை மாற்றிவிடலாம். ஆட்டும்போது நடப்பதை ஒரு வீடியோ எடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நகரவில்லையென்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 2,499 ரூபாய்க்கு இவ்வளவா என்று விடாதீர்கள். அது உங்கள் இரண்டு மூன்று நாள் சம்பாத்தியம்.

கேள்வி: வயது 68, மூட்டு வலி. மனைவியோடு சாயங்காலம் டிவியில் வீடியோ கேமாக, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங், டென்னிஸ் ஆடினால் நடைப்பயிற்சிக்கு ஈடாகுமா? மகள் கேம் பெட்டி வாங்கித் தருகிறேன் என்கிறாள்.
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணா நகர்

பதில்: பவுலிங் ஈடாகாது ஐயா. மணிக்கட்டைச் சுண்டினாலே பந்து உருளும், சோபாவில் சாய்ந்தபடியே ஜெயிக்கலாம். டென்னிஸை நின்று, முழுக் கையை வீசி ஆடினால் ஓரளவு பலன் உண்டு. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு ஏறினால்தான் அந்தக் கணக்கில் சேரும். அப்படி ஏறாத நாளில் நடையையும் விடாதீர்கள்.

மகள் ரிங் ஃபிட் வாங்கித் தந்தால், முட்டிக்குச் சுமை தரும் பயிற்சிகளைக் குறைக்கும் அமைப்பை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். நடனம் ஆடும் விளையாட்டுகள் வேண்டாம். வழவழப்பான டைல்ஸில் சட்டென்று திரும்பினால் வழுக்கும். கன்ட்ரோலரின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், டீபாயை வேறு அறைக்கு எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொள்ள ஒரு கனமான நாற்காலியைப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.