எத்தாம்புட்டால் எடுக்கும் அப்பாவுக்குச் சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது: கண்ணாடி மாற்றினால் போதுமா?

கண்ணாடியை அப்புறம் பார்க்கலாம், முதலில் நுரையீரல் மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். எம்ஏசி (காசநோய்க் கிருமியின் உறவான கிருமி) தொற்றுக்கு நான்கு மாதமாக எத்தாம்புட்டால், ரிஃபாம்பிசின், அசித்ரோமைசின் எடுப்பவருக்கு இரண்டு கண்ணிலும் எழுத்து மங்கி, சிவப்பு வெளிறுகிறது என்றால் முதல் சந்தேகம் எத்தாம்புட்டால்தான். அது பார்வை நரம்பைத் தாக்கும். மருத்துவரிடம் பேசும்வரை அந்த ஒரு மாத்திரையை மட்டும் கொடுக்காதீர்கள். மற்ற இரண்டை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்கிறீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எத்தாம்புட்டால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் மந்தமானால் வழக்கமான அளவே உடம்பில் கூடிப்போகும். எடைக்கு ஏற்ற அளவுதானா என்றும் கேளுங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது தினசரிக் கணக்கு, 25-ஐ நெருங்கினால் ஆபத்து கூடும்.

வீட்டில் ஒரு சோதனை: ஒரு கண்ணை மூடி, சிவப்பு மூடி ஒன்றைக் காட்டுங்கள். பிறகு அடுத்த கண். நேராகப் பார்க்கும்போது நிறம் மங்கி, ஓரத்தில் பளிச்சென்று தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சோதனை சரியாக வந்தாலும் கண் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். விழித்திரை பார்த்து "நார்மல்" என்றால் அதோடு எழுந்து வராதீர்கள். ஆரம்பத்தில் நரம்பு வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். நிறப் பார்வையும் பார்வைப் புலமும் (நேராகப் பார்க்கும்போது எவ்வளவு பரப்பு தெரிகிறது என்பது) சோதிக்கச் சொல்லுங்கள். கண்புரையாகவோ சர்க்கரையாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு. எத்தாம்புட்டால்தான் என்றால், சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் பார்வை தேறும், எல்லோருக்கும் முழுதாகத் திரும்பாது.

கண்ணீர் ஆரஞ்சு நிறமாக வந்தால் அது ரிஃபாம்பிசின் வேலை, அதற்குப் பயம் வேண்டாம்.