வியாழக்கிழமை சாயங்காலம் போடுங்க

கேள்வி: எனக்கு 43 வயசு, எடை 91 கிலோ. ஆறு வருஷமா சர்க்கரை இருக்கு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுறேன். மதுரையில பார்த்த டாக்டர், உடம்பு குறைய வாரம் ஒரு ஊசின்னு சொல்லி மவுஞ்சாரோ ஊசிப் பேனா, 2.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கார். இன்னும் வாங்கல. வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர். திங்கள், புதன், சனி கடலுக்குப் போயிட்டு மறுநாள் காலையில கரைக்கு வருவார். நான் பெட்டிக்கடை வச்சிருக்கேன். இங்க கரண்ட் அடிக்கடி போகும். மாமியாரோ "சோத்தைக் குறைச்சா போதாதா, ஊசி எதுக்கு"ங்கிறாங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன தயார் பண்ணி வைக்கணும் அக்கா?
- மண்டபம் வாசகி

பதில்: தங்கச்சி, அரசு ஆஸ்பத்திரியில 31 வருஷம் அடுத்தவங்களுக்கு ஊசி போட்டவ நான். எனக்கு நானே போட்டுக்க வேண்டிய நாள் வந்தப்ப, வயித்துச் சதையைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்ப எட்டு மாசமா இதே ஊசிதான்.

ஊசி வாங்குறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. கிளிமிபிரைடைக் குறைக்கணுமா, நிறுத்தணுமான்னு கேளுங்க. மெட்ஃபார்மின் பரவாயில்ல. ஆனா கிளிமிபிரைடு நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். ஊசி போட்டதும் சாப்பாடு குறையும்; ரெண்டும் சேர்ந்தா வேர்த்து, கை நடுங்கி, கண்ணு இருட்டும். கல்லாப்பெட்டி பக்கத்துல குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணு எப்பவும் இருக்கட்டும். குடும்பத்துல யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தாலும், உங்களுக்குக் கணைய வீக்கமோ பித்தப்பைக் கல்லோ வந்திருந்தாலும் அதை மறைக்காம சொல்லுங்க. கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடுறீங்கன்னா அதையும் சொல்லணும், ஆரம்பத்துல இந்த ஊசி அதோட வேலையைக் கெடுக்கும். கண்ணுல விழித்திரையைப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சுன்னா ஊசிக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

அடுத்தது நாள். நல்ல நாள், ராகுகாலம் எல்லாம் உங்க இஷ்டம். என் கணக்கு படகுக் கணக்கு. குமட்டல், வாந்தி வர்றதா இருந்தா பெரும்பாலும் போட்ட மறுநாளும் அதுக்கடுத்த நாளும்தான். உங்க வீட்டுக்காரர் புதன் போயிட்டு வியாழன் காலையில வந்துட்டார்னா, சனிக்கிழமை வரைக்கும் கரையிலதான். வாரத்துல ரெண்டு ராத்திரி சேர்ந்தாப்புல ஆள் துணை கிடைக்கிறது அப்பதான். வியாழன் சாயங்காலம் கடையைச் சாத்திட்டுப் போடுங்க. ஒரு வாரம் மறந்துபோச்சுன்னா நாலு நாளுக்குள்ள போட்டுக்கலாம். அதைத் தாண்டினா அந்த வாரத்தை விட்டுட்டு அடுத்த வியாழன்தான்.

இனி ஐஸ் விஷயம். இதுல நான் சூடுபட்டவ. என் முதல் பேனாவை மதுரையில இருந்து தம்பி வாங்கிட்டு வந்தான். நம்ம ஊர்ப் புத்தி, மீன் அனுப்புற தெர்மாகோல் பெட்டியில உடைச்ச ஐஸைக் கொட்டி, அதுமேல பேனாவைப் பாலிதீன் பையில சுத்தி வச்சிருந்தான். வீட்டுல திறந்து பார்த்தா கண்ணாடிக்குள்ள மருந்து பாதி கட்டியா நிக்குது. கொஞ்ச நேரத்துல உருகித் தெளிவாயிடுச்சு. "பாத்தியா, சரியாப்போச்சு"ன்னான். பார்வைக்குத்தான் சரி. ஒருதடவை உறைஞ்ச மருந்தை, உருகினாலும் போடக்கூடாது. ஒரு மாச மருந்து குப்பைக்குப் போச்சு. ரெண்டு நாள் அவன்கூடப் பேசல.

அதனால மீன் ஐஸ் பக்கமே போகாதீங்க. ஐஸ் பேக் வச்சுக் கொண்டுவந்தா அதைத் துண்டுல சுத்தி, பேனா அதுமேல நேரடியாப் படாம வைங்க. 2 டிகிரியில இருந்து 8 டிகிரிதான் அதோட இடம். ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசருக்கு அடியிலயும் பின்சுவர் ஒட்டியும் வேண்டாம். நடுத்தட்டுல ஒரு டப்பாவுக்குள்ள வச்சா போதும். கரண்ட் போனா கதவைத் திறக்காதீங்க, சில மணி நேரம் குளிர் நிக்கும். வெளியில வைக்கிறதுன்னா 30 டிகிரிக்குக் கீழ இருக்கணும். சித்திரையில நம்ம வீட்டு அலமாரிக்குள்ளகூட அந்தக் குளிர்ச்சி கிடையாது.

பேனா ஒண்ணுல நாலு வாரத்து மருந்து. ஒவ்வொரு தடவையும் புது ஊசிமுனை மாட்டணும், போட்டதும் கழட்டணும். நாலு முடிஞ்ச பிறகும் உள்ளே மருந்து மிச்சம் தெரியும். பதறாதீங்க, அது அப்படித்தான். சிரிஞ்சு வச்சு உறிஞ்சி அஞ்சாவது வாரம் ஓட்டிய புத்திசாலியை நான் பார்த்திருக்கேன். அது வேண்டாம்.

சமையல்கட்டுல வேலை கொஞ்சம்தான். முதல் மாசம் எனக்குக் கருவாட்டு வாசனையே ஆகல. பக்கத்து வீட்டுல சுட்டாக்கூட ஜன்னலைச் சாத்திடுவேன். எண்ணெய்ல பொரிச்சது, பரோட்டா, விருந்துச் சோறு எல்லாம் ஊசி போட்ட அடுத்த ரெண்டு நாளைக்கு வேண்டாம். தட்டுல முதல்ல மீன், அப்புறம் காய், கடைசியில சோறு. வயித்துல இடம் குறைஞ்சிடும், அந்த இடத்தைச் சோத்துக்குக் கொடுத்தா கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும், மாடிப்படி ஏற முடியாது. மீன்பிடித் தடைக்காலத்துல மீன் விலை ஏறினா முட்டை, பாசிப்பயறு, சுண்டல். மலச்சிக்கல் எட்டிப் பார்க்கலாம்; முருங்கைக்கீரையும் தண்ணியும். நம்ம வெயிலுக்கு ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட்டும் வாங்கி வைங்க. தண்ணிகூட நிக்காம வாந்தி வந்தாலோ, மேல்வயித்து வலி முதுகுக்கு ஊடுருவினாலோ விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

பணத்தைப் பத்தி நீங்க கேக்கல, நானே சொல்றேன். 2025 மார்ச்சுல இந்த மருந்து இங்க வந்தப்ப ஒரு வாரத்துக்கான 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. மாசத்துக்கு நாலு குப்பி. இப்ப உங்க பேனா என்ன விலைன்னு கடையில கேட்டுக்கங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் உங்க படகு கரையில கட்டிக் கிடக்கும். அந்த ரெண்டு மாச ஊசிக்காசை இப்பவே தனியா எடுத்து வச்சிட்டு ஆரம்பிங்க. நடுவுல விட்டா எடை திரும்ப ஏறும். விட்டுட்டு மறுபடி பெரிய டோஸ்ல இருந்து பிடிச்சா வயிறு புரட்டிப் போட்டுடும். சில வாரம் விட்டுப்போச்சுன்னா டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. எவ்வளவு குறையும்? சர்க்கரை உள்ளவங்களை வச்சு 72 வாரம் நடத்துன ஆய்வுல, 10 மில்லிகிராம் போட்டவங்களுக்குச் சராசரியா நூத்துக்கு 13 குறைஞ்சுது. உங்க 91-க்கு அது 11, 12 கிலோ. நீங்க தொடங்குற 2.5 வெறும் பழக்கத்துக்கான டோஸ். முதல் மாசம் தராசு அசையலைன்னு ஊசியைத் திட்டாதீங்க.

மாமியார் சொல்றது முழுசாத் தப்பில்ல. சோறு குறையத்தான் ஊசியும். வயிறு மெதுவாக் காலியாகும், போதும்ங்கிற சேதி மூளைக்குச் சீக்கிரம் போகும், அவ்வளவுதான். அவங்களையே தட்டுல மீனை முதல்ல வைக்கச் சொல்லுங்க, சண்டை பாதி ஓஞ்சிடும்.

கழட்டின ஊசிமுனையைக் குப்பைக்கூடையில போடாம, மூடி போட்ட கெட்டியான பினாயில் பாட்டில்ல சேருங்க. முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடியை இறுக்கி, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில வாங்கிக்குவாங்களான்னு கேட்டுக் கொடுத்துடுங்க.