மொரிஷியஸில் மாடலே பாடகியாகவும் நடிகையாகவும் இருப்பது ஏன்?

கேள்வி இதுதான்: மொரிஷியஸ் இளம்பெண் ஒருவர் மாடலிங், பாட்டு, நடிப்பு மூன்றும் செய்கிறார், தன்னைப் ‘பல்பண்பாட்டுக் கலைஞர்’ என்கிறார். அப்படியென்றால் என்ன?

ஒன்றுக்கு மேற்பட்ட பண்பாடுகளில் வளர்ந்து, அவை எல்லாவற்றையும் தன் கலையில் கொண்டுவருபவர் என்று பொருள். எங்கள் தீவில் இது அரிதே அல்ல. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து உருவான எங்கள் பேச்சுமொழி), பத்திரிகையில் பிரெஞ்சு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், கோயிலில் தமிழ். எங்கள் ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் எழுத்து உண்டு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான்.

மூன்று வேலை ஏன்? மக்கள்தொகையே சுமார் 12 லட்சம். விளம்பரத்தையோ பாட்டையோ மட்டும் நம்பி மாதம் முழுக்கக் குடும்பம் நடத்துவது கஷ்டம். சின்ன ஊர் மளிகைக்கடையில் அரிசி, குடை, சோப்பு எல்லாம் கிடைப்பதில்லையா? ஒரே பொருளை விற்றால் கடை ஓடாது. அது போலத்தான்.

இங்குள்ள சேகா இசையைக் கேளுங்கள். 2014-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது அது. ரவான் என்னும் ஆட்டுத்தோல் மேளத்தை வாசிக்கும் முன் நெருப்பில் காட்டுவார்கள். தோல் இறுகி, ஒலி கணீரென்று எழும். தமிழ்நாட்டில் பறை காய்ச்சுவது நினைவுக்கு வரும். ஆப்பிரிக்க அடிமைகளிடம் பிறந்த அந்தத் தாளத்தையும் கோயிலில் கற்ற தேவாரத்தையும் ஒரே பெண் பாடும்போது இரண்டுமே அவளுடையவைதான்.

பலர் நினைப்பதுபோல், ‘பல்பண்பாடு’ என்றால் கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்று பொருளல்ல. தாய், தந்தை இருவரும் தமிழரானாலும் அவர் பல்பண்பாட்டுக் கலைஞராக இருக்கலாம்.