வெயிலில் கண் மங்கினால் எம்எஸ் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) என்ற நரம்பு நோய். வெயிலில் நடந்தால் கண் மங்குகிறது, கால் கனக்கிறது. நோய் கூடுகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நரம்பின் மேலுறையான மயலின் ஏற்கெனவே சிதைந்த இடத்தில், உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே சமிக்ஞை தடுமாறும். உடம்பு குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப் 1890-இலேயே இதை எழுதிவைத்தார். ஒரு காலத்தில் எம்எஸ்தானா என்று அறிய, நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். நல்லவேளை, எம்ஆர்ஐ ஸ்கேன் வந்தது.

எனக்கும் இதே நோய்தான்; வெந்நீர்க் குளியல்தான் என் வில்லன். தலை துவட்டும்போது கண்ணாடியில் என் முகமே புகையாகத் தெரியும். ஆவி என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் பச்சைத் தண்ணீர்தான், உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மதியச் சமையலைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவேன், கழுத்தில் ஈரத் துண்டோடு.

ஆனால் புதிய தொந்தரவு 24 மணி நேரம் தாண்டியும் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இப்படிக் காட்டும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்பவர்களிடம் வாதாட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.