அசோலா வளர்த்தால் புண்ணாக்குச் செலவு குறையுமா?

கேட்டவர் மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறார். வீடு மட்டக்களப்பில் கடற்கரைப் பக்கம். மாட்டுத் தீவனத்துக்காக நீரில் மிதக்கவிட்டு வளர்க்கும் சிறு தாவரமான அசோலாவில் 25 சதவீதம் புரதம் என்று கேள்விப்பட்டுத் தொட்டி போட்டாராம். அது சிவந்து சிறுத்துப்போகிறதாம். நானும் களுவாஞ்சிகுடிப் பக்கம் மணல் தரையில் மாடு வைத்திருப்பவன்தான். வீட்டுக்குப் பின்னால் தறப்பாள் விரித்த அசோலாத் தொட்டி இருக்கிறது.

முதலில் அந்த 25. அது காய்ந்த எடைக்குச் சொல்லும் கணக்கு. பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர்தான். பத்துக் கிலோ அள்ளிப் போட்டாலும் உலர்பொருள் 600, 700 கிராம். அதில் புரதம் 150 கிராம் அளவில். ஒரு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கிலேயே ஏறக்குறைய 200 கிராம் புரதம் இருக்கிறது. ஆகவே புண்ணாக்கையே நிறுத்திவிடலாம் என்று யாராவது வீடியோவில் சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். குறைக்கலாம், அதுவும் அசோலா செழித்தால்.

செழிக்க வைக்கிறேன் என்று பலர் யூரியாவைக் கொட்டுகிறார்கள். வீண் செலவு. அசோலாவின் இலைக்குள்ளேயே ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. யூரியாவால் கொழுப்பது தொட்டியில் படரும் வேண்டாத பாசிதான். அசோலாவுக்குத் தட்டுப்படுவது பொசுபரசு. நைதரசனைப் பிடிக்கும் வேலைக்கே அது வேண்டும் என்பதால், அது குறைந்தால் விளைச்சலும் புரதமும் சேர்ந்தே இறங்கும்.

ஒரு கைப்பிடியை அள்ளித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இலை சிறுத்து, வேர் நீண்டு சுருண்டு, அடியிலிருப்பதும் சிவந்திருந்தால் பெரும்பாலும் பொசுபரசுக் குறைதான். மேலே மட்டும் சிவப்பு, நிழலில் மறைந்திருப்பது பச்சை என்றால் வெயில் கூடிவிட்டது. முதலாவதற்கு மாட்டெருவைக் கரைத்து ஊற்றுங்கள். நான் நான்கு சதுர மீற்றர் தொட்டிக்கு வாரம் ஒரு தேக்கரண்டி ரி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரமும் சேர்க்கிறேன். இரண்டாவதற்கு நிழல்வலை போதும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது உப்பை. கடல்நீரில் உள்ள உப்பின் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தாலே அசோலாவின் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு வெகு முன்பே சோர்ந்து சிவக்கத் தொடங்கும். கிணற்று நீர் குடிக்கும்போது சவர் தெரியவில்லையே என்பீர்கள். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தொட்டி நீர் கண்முன்னே வற்றுகிறது. வற்றுவது நீர் மட்டும். உப்பு அங்கேயே கிடக்கிறது. குறைந்ததை நிரப்ப மறுபடி கிணற்று நீர் ஊற்றுகிறோம், அதனுடன் இன்னும் கொஞ்சம் உப்பு போகிறது. ஆவணி வரும்போது அது கிணற்று நீராகவே இருக்காது. வெறுமனே நிரப்பாமல், வாரம் ஒருமுறை கால்வாசி நீரை இறைத்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டுப் புதுநீர் விடுங்கள். உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் உங்களுக்கு வருகிறதென்றால், குளோரின் போக ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு அதையே பாவிக்கலாம். மாரியில் இந்தத் தொல்லை இல்லை. கனமழையில் தொட்டி வழிந்து அசோலா முற்றத்தில் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

அள்ளுவதிலும் பிந்தக் கூடாது. நல்ல நீரில் ஒரு வாரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். அடுக்கடுக்காக மூடவிட்டால் அடியிலுள்ளது அழுகும். முற்றியதில் நார் ஏறிப் புரதம் குறையும். அள்ளியதைக் கடகத்தில் போட்டு நன்றாக அலசுங்கள். எரு மணத்தால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குவதானால் விதைக்கு வாவியில் மிதப்பதை அள்ளாதீர்கள். அது சல்வீனியா என்ற வேறொரு நீர்க்களையாக இருக்கலாம்: இலை நகத்தைவிடப் பெரிது, மேலே மயிர் இருக்கும். நகர வடிகான் பக்கம் கிடைப்பது அசோலாவே ஆனாலும் வேண்டாம். நீரிலுள்ள ஈயத்தையும் கட்மியத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே வளர்ப்பவர் ஒருவரிடம் இரண்டு கைப்பிடி வாங்கிப் போடுங்கள்.